வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி டோக்கியோவில் நடைபெற்ற சிநேகபூர்வ ஆட்டத்தில், இடைவேளையின்போது இரண்டு கோல்களால் பின்தங்கியிருந்த ஜப்பான் அணி, இரண்டாம் பாதியில் மூன்று கோல்களைப் போட்டு பிரேசிலை முதன்முறையாகத் தோற்கடித்தது. அச்செய்தியை நமது விளையாட்டுப் பக்கங்கள் ஏதோ தற்செயலாக நடந்துவிட்ட ஒன்றைப்போல நான்கைந்து வரிகளில் முடித்துக்கொண்டதைக் கண்டு வருந்தியவர்களுள் நானும் ஒருவன். 2022இல் உலகக் கிண்ணப் போட்டியில் ஜேர்மனியையும் அடுத்த வாரமே ஸ்பெய்னையும், 2023 செப்டம்பரில் ஜேர்மனியின் சொந்த மண்ணிலேயே மீண்டும் ஜேர்மனியையும், பின்னர் பிரேசிலையும் ஓர் அணி மூன்று ஆண்டுகளுக்குள் வென்றிருக்குமானால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்த நான்கு ஆட்டங்களிலும் மைதானத்தின் ஓரத்தில் சிறிய குறிப்பேட்டோடு நின்றவர் அதன் பயிற்றுவிப்பாளர் ஹஜிமே மொரியாசு. அவர் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவும், அதையொட்டி நமது உதைபந்தாட்ட நிர்வாகத்தினரிடம் ஒரு கேள்வி கேட்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். கொழும்பில் பாடசாலை அணிகளுக்கு நெடுங்காலம் பொறுப்பாக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. கடிதம் சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

மொரியாசு 1968ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி ஷிசுஒகா மாகாணத்தில் பிறந்து நாகசாகியில் வளர்ந்தவர். ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் 1993இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் அந்நாட்டில் உயர்மட்ட உதைபந்தாட்டம் என்பது பெரிய கம்பனிகளின் ஊழியர் அணிகளுக்கிடையிலான போட்டியாகவே இருந்தது. பாடசாலைப் படிப்பை முடித்த மொரியாசு 1987இல் ஹிரோஷிமாவிலுள்ள மஸ்டா மோட்டார் கம்பனியின் அணியில் சேர்ந்தார். நமது வீதிகளில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ஓடிய கார்களையும் வான்களையும் செய்த அதே மஸ்டாதான். ஆனால் தாய்க் கம்பனியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதன் துணை நிறுவனமொன்றில்தான் வேலை கொடுத்தார்கள். விளையாட்டிலும் முதல் அணிக்குள் அவர் உடனடியாக நுழைந்துவிடவில்லை. இராணுவம், பொலிஸ், துறைமுகம் என்று ஏதோவொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தால்தான் தொடர்ந்து விளையாடலாம் என்ற நிலையை அறிந்த நம் வீரர்களுக்கு இந்தத் தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது.

அவரை நாடறியச் செய்தவர் ஒரு வெளிநாட்டவர். மஸ்டா அணிக்கு முன்னர் பயிற்சியளித்திருந்த நெதர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஊஃப்ட் 1992இல் ஜப்பான் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானபோது, பெரும்பாலான இரசிகர்கள் கேள்விப்பட்டிராத மொரியாசுவைத் தேசிய அணிக்கு அழைத்தார். அவ்வாண்டு மே மாதம் ஆர்ஜன்டீனாவுக்கு எதிராக அவருடைய முதலாவது சர்வதேச ஆட்டம் அமைந்தது. அவர் ஆடியது தற்காப்பு மத்தியகளத்தில். எதிரணியின் தாக்குதல் உருவாகும் இடத்திலேயே குறுக்கே புகுந்து பந்தைப் பறிப்பது, பறித்த பந்தைத் தன்னைவிடத் திறமைசாலியான ஒருவரின் காலுக்கு உடனே அனுப்புவது, அவர்கள் முன்னேறும்போது பின்னால் விழும் இடைவெளியில் போய் நிற்பது: இவைதாம் அவருடைய வேலைகள். 35 சர்வதேச ஆட்டங்களில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். பார்வையாளர் கூட்டம் பெயர் சொல்லிக் கூவும் நிலை அதுவன்று. ஆயினும் ஆடுகளம் முழுவதையும் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே ஆடவேண்டிய நிலை. சிறந்த பயிற்றுவிப்பாளர்கள் பலர் அந்த இடத்திலிருந்தே வந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. அதே 1992இல் ஹிரோஷிமாவில் நடந்த இறுதியாட்டத்தில் சவூதி அரேபியாவை வென்று ஜப்பான் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அணியின் மத்தியகளத்தில் மொரியாசுவுக்கு நிலையான இடம் இருந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததை ஜப்பானியர் இன்றும் 'டோஹாவின் துயரம்' என்றே குறிப்பிடுகின்றனர். 1994 உலகக் கிண்ணத்துக்கான ஆசியப் பிராந்திய இறுதித் தகுதிகாண் சுற்றில் ஆறு அணிகள் கட்டார் தலைநகர் டோஹாவில் கூடி ஒன்றையொன்று எதிர்த்தாடின. முதல் இரண்டு இடங்களுக்கு மட்டுமே அமெரிக்காவுக்குச் செல்லும் வாய்ப்பு. இறுதி நாளான ஒக்டோபர் 28ஆம் திகதி, முதலிடத்தில் இருந்த ஜப்பான் ஈராக்கைச் சந்தித்தது. 2-1 என ஜப்பான் முன்னிலையில் இருக்க, ஆட்டம் உபாதையீடு நேரத்துக்குள் சென்றுவிட்டது. வென்றால் வரலாற்றில் முதலாவது உலகக் கிண்ணம். அப்போது ஈராக்குக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. எல்லோரும் கோல் முகப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஈராக்கியர் பந்தை நேரே உயர்த்தி அடிக்காமல் பக்கத்தில் நின்ற தம் வீரருக்குத் தட்டிவிட்டு, அங்கிருந்து உள்ளே அனுப்பினார்கள். ஜாஃபர் ஒம்ரான் அதைத் தலையால் முட்டினார். ஜப்பானின் கோல் காப்பாளர் நின்ற இடத்தைவிட்டு அசையவும் முடியவில்லை. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிய, சவூதி அரேபியாவும் கோல் வித்தியாசத்தில் தென்கொரியாவும் தகுதிபெற்றன. ஜப்பான் வீரர்கள் புற்றரையில் அப்படியே குந்திவிட்டார்கள். அந்த இறுதிக் கணத்தில் ஆடுகளத்தில் இருந்த பதினொருவருள் 25 வயதான மொரியாசுவும் ஒருவர். வீரர் என்ற வகையில் அதன்பின் அவர் உலகக் கிண்ணத்தில் ஆடவேயில்லை.

அவருடைய விளையாட்டு வாழ்வின் எஞ்சிய பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். மஸ்டா அணி சன்ஃப்ரெச்சே ஹிரோஷிமா என்ற தொழில்முறைக் கழகமாகியபின், 1994இல் ஜே லீக்கின் முதற்கட்டத்தை வென்ற குழுவில் அவர் இருந்தார். இடையில் ஓராண்டு கியோட்டோவுக்குச் சென்று திரும்பினார். இறுதி இரண்டு பருவங்களை வெகால்ட்டா செண்டாயில் கழித்தார். 2003 பருவத்தின் முடிவில் அக்கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அத்தோடு அவரும் காலணியைக் கழற்றினார்.

இனி நான் சொல்ல வந்த பகுதிக்கு வருகிறேன். 2004இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற மொரியாசு, 2012இல்தான் ஒரு கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் அவர் இன்னொருவருக்குக் கீழேயே வேலைசெய்தார். முதலில் ஹிரோஷிமா கழகத்தின் இளையோர் பிரிவில் பயிற்சியாளர். பின்னர் 2007இல் கனடாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தில் ஆடிய ஜப்பான் அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளர். அதன்பின் ஹிரோஷிமாவின் முதல் அணியில் மிஹைலோ பெட்ரோவிச்சுக்கு உதவியாளர். 2010இலும் 2011இலும் அல்பிரெக்ஸ் நிகாட்டா கழகத்தில் மீண்டும் உதவியாளர். தேசிய அணிக்கு 35 முறை ஆடிய ஒருவர், ஆசியக் கிண்ணம் வென்ற ஒருவர், பயிற்சிக்கூம்புகளை அடுக்குவதும் எதிரணியின் ஆட்டங்களைப் பதிவிலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பதும் முதல் பதினொருவரில் இடம் கிடைக்காத இளைஞர்களைத் தனியாக ஓடவைப்பதுமான வேலைகளில் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார் என்றால், அது தோல்வியடைந்தவனின் கதை என்றே இங்கு பேசிக்கொள்வார்கள். ஜப்பானில் அது ஒரு வழமையான படிமுறை. தொழில்முறைக் கழகமொன்றுக்குத் தலைமை தாங்க வேண்டுமானால் அந்நாட்டுச் சம்மேளனத்தின் மிக உயர்ந்த தர அனுமதிப்பத்திரம் (அக்காலத்தில் அது 'எஸ்' தரம்) பெற்றிருக்க வேண்டும். முன்னாள் நட்சத்திரம் என்பதற்காக அந்த விதி யாருக்கும் தளர்த்தப்படுவதில்லை.

பெட்ரோவிச்சுக்குக் கீழே கழித்த காலம் இவற்றுள் மிக முக்கியமானது என்பது என் கருத்து. முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த அந்தப் பயிற்றுவிப்பாளர் ஹிரோஷிமாவில் மூன்று பின்கள வீரர்களைக் கொண்ட ஆட்டமுறையை வேரூன்றச் செய்தவர். பந்து தம்மிடம் இருக்கும்போது இரு ஓரத்து வீரர்களும் முன்களத்துக்கே ஏறிவிடுவார்கள். பந்து பறிபோனால் அவர்கள் ஓடி வந்து பின்களத்தை ஐவராக்குவார்கள். 2007இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் நிர்வாகம் அவரை நீக்கவில்லை. மறு ஆண்டே அணி ஏறி வந்தது. இவை எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மொரியாசு. 2011 முடிவில் பெட்ரோவிச் விலகியபோது, பணவசதி குறைந்த அந்தக் கழகம் நிகாட்டாவிலிருந்த தன் பழைய வீரரை அழைத்துவந்தது. அவர் ஆட்டமுறையை மாற்றவில்லை. கோல் வாங்குவதைக் குறைக்கவேண்டிய இடங்களில் மட்டும் கைவைத்தார். முதல் பருவத்திலேயே, 2012இல், ஹிரோஷிமா தன் வரலாற்றில் முதன்முறையாக லீக் கிண்ணத்தை வென்றது. 2013இல் பருவத்தின் கடைசி நாளில் யொக்கோஹாமாவை முந்தி மீண்டும் வென்றது. முன்னணி வீரர்களைப் பணக்காரக் கழகங்கள் ஒவ்வோராண்டும் கொத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தும் 2015இல் மூன்றாவது தடவையாகவும் வென்றது.

2015ஆம் ஆண்டின் வெற்றியில் ஒரு சிறு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தகுமா அசானோ என்ற வேகமான இளைஞரை மொரியாசு அப்பருவத்தில் பெரும்பாலும் ஆட்டத் தொடக்கத்தில் இறக்கவில்லை. அனுபவசாலியான ஹிசாதோ சாதோவை முதலில் ஆடவிட்டு, எதிரணிப் பின்கள வீரர்கள் களைக்கத் தொடங்கும் ஒரு மணி நேரத்தின் பின்னரே அசானோவை அனுப்புவார். கம்பா ஒசாகாவுக்கு எதிரான இறுதியின் இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே மாற்று வீரராக வந்து, கிண்ணத்தை உறுதிசெய்த கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் அசானோதான். இந்தப் பெயரை மறந்துவிட வேண்டாம்.

ஏற்றம் மட்டுமே இருந்தது என்று சொல்ல வரவில்லை. 2017 பருவத்தின் நடுப்பகுதியில் ஹிரோஷிமா 18 அணிகளுள் 17ஆம் இடத்துக்குச் சரிந்தபோது மொரியாசு பதவி விலகினார். மூன்று கிண்ணங்களை வென்று தந்த கழகத்தைவிட்டு அப்படித்தான் அவர் வெளியேற நேர்ந்தது. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் ஜப்பான் உதைபந்தாட்டச் சம்மேளனம் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான இளைஞர் அணியை அவரிடம் ஒப்படைத்தது. ஒரு பருவத்தின் தோல்வியை வைத்து ஒருவரின் முழு உழைப்பையும் அளக்காத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

2018 உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதங்களே இருக்கையில் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளர் நீக்கப்பட்டு அகிரா நிஷினோ நியமிக்கப்பட்டபோது, மொரியாசு மறுபடியும் ஓர் உதவியாளராக ரஷ்யாவுக்குச் சென்றார். பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என முன்னிலையில் இருந்து, கடைசிக் கணத்தில் எதிர்த்தாக்குதல் ஒன்றில் 2-3 எனத் தோற்றதையும் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் தேசிய அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒலிம்பிக் அணியையும் அவரே தொடர்ந்து கவனித்தார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் அவரை நீக்கவேண்டும் என்ற குரல் பலமுறை எழுந்தது. 2019 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கட்டாரிடம் 1-3 எனத் தோல்வி. டோக்கியோ ஒலிம்பிக்கில் அரையிறுதியில் ஸ்பெய்னிடம் மேலதிக நேரத்தில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மெக்சிக்கோவிடமும் தோற்று, சொந்த மண்ணில் பதக்கமின்றி நின்றார்கள். 2021 செப்டம்பரில் உலகக் கிண்ண இறுதித் தகுதிகாண் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், ஓமானிடம் 0-1. அடுத்த மாதம் ஜெத்தாவில் சவூதி அரேபியாவிடமும் 0-1. மூன்று ஆட்டங்களில் இரண்டு தோல்வி. நம் நாடாக இருந்தால் விமான நிலையத்திலேயே கடிதத்தைக் கொடுத்திருப்பார்கள். ஜப்பானிய நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. அவரும் மத்தியகளத்தை மூவராக மாற்றி, அதுவரை அதிகம் ஆடாத ஆவோ தனாகாவை அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே இறக்கினார். எட்டாவது நிமிடத்தில் தனாகா கோல் போட்டார். 2-1 என்ற அந்த வெற்றியிலிருந்து தொடங்கிய பயணம் 2022 மார்ச்சில் சிட்னியில் முடிந்தது. கடைசி நிமிடங்களில் மாற்று வீரராக வந்த கவோரு மிதோமா இரண்டு கோல்களைப் போட, ஜப்பான் கட்டாருக்குத் தகுதிபெற்றது.

2022 நவம்பர் 23ஆம் திகதி நமது நேரப்படி மாலை ஆறரை மணிக்குத் தொடங்கிய ஜேர்மனியுடனான ஆட்டத்தைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடையில் பழைய மாணவர்கள் சிலருடன் பார்த்தேன். முதல் பாதியில் ஜப்பானால் பந்தைத் தொடவே முடியவில்லை. தண்ட உதை மூலம் ஜேர்மனி 1-0 என முன்னிலை பெற்றது. மூன்று நான்கு கோல்கள் விழாததே பெரிய காரியம் என்று இருந்தது. இடைவேளையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்த ஜப்பான் அணியில் முன்களத்தின் குபோ இல்லை. பின்கள வீரரான தொமியாசு வந்திருந்தார். ஒரு கோலால் பின்தங்கிய அணி தாக்குதல் வீரரை எடுத்துவிட்டுத் தற்காப்பு வீரரை இறக்குகிறதே என்று கடையில் ஒருவர் சிரித்தார். அவர் சிரித்ததில் பிழையில்லை. பெரும்பாலானோருக்கு அப்படித்தான் பட்டிருக்கும். ஆனால் மூன்று பின்கள வீரர்கள் கோல் முகப்பை அடைத்துக்கொண்டதால் இரு ஓரங்களிலும் ஆட்களை விடுவிக்க முடிந்தது. ஹிரோஷிமாவில் பெட்ரோவிச்சிடம் கற்ற அதே வடிவம்.

57ஆவது நிமிடத்தில் மிதோமாவும் அசானோவும் வந்தார்கள். 71இல் ரிட்சு டோன். 75இல் மினாமினோ. மினாமினோ வந்த அதே நிமிடத்தில் மிதோமா இடப்புறத்திலிருந்து உள்ளே வெட்டிப் பந்தை அவருக்குத் தள்ள, மினாமினோ அடித்ததை ஜேர்மனியின் கோல் காப்பாளர் நொயர் தட்டிவிட, ஓடிவந்த டோன் வலைக்குள் அடித்தார். சம்பந்தப்பட்ட மூவருமே மாற்று வீரர்கள். 83ஆவது நிமிடத்தில் பின்களத்திலிருந்து இட்டாகுரா அனுப்பிய நீண்ட பந்தை ஓடும் வேகத்திலேயே காலில் அடக்கிய அசானோ, உரசிக்கொண்டு வந்த பின்கள வீரரைத் தோளால் தடுத்தபடி, மிகக் குறுகிய கோணத்திலிருந்து நொயரின் தலைக்கு மேலால் வலைக்குள் செலுத்தினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கம்பாவுக்கு எதிராக வந்த அதே மாற்று வீரர், அதே ஒரு மணி நேரத்தை ஒட்டிய பொழுதில் இறக்கப்பட்டு, மறுபடியும் ஆட்டத்தை முடித்துவைத்தார். போட்டிக்கு முன் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த அசானோவை ஏன் குழாத்தில் சேர்த்தார் என்று கேட்டவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது.

அதற்காக மொரியாசுவைத் தவறே செய்யாதவர் என்று கொண்டாட நான் தயாரில்லை. முதல் பாதியில் அவ்வளவு தடுமாறக் காரணம் அவரே தேர்ந்தெடுத்த ஆரம்ப அமைப்புத்தான். நான்கு நாட்களுக்குப் பின் கொஸ்தாரிக்காவுக்கு எதிராக ஐந்து வீரர்களை மாற்றி, மந்தமாக ஆடி, 81ஆவது நிமிட கோலால் 0-1 எனத் தோற்றதற்கும் அவரே பொறுப்பு. டிசெம்பர் 1ஆம் திகதி ஸ்பெய்னுக்கு எதிராக மறுபடியும் இடைவேளையில் டோனையும் மிதோமாவையும் இறக்கி, ஐந்து நிமிட இடைவெளிக்குள் இரண்டு கோல்களைப் போட்டு 2-1 என வென்றார்கள். பந்து ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட ஜப்பானிடம் இருக்கவில்லை. குரோஷியாவுடனான இரண்டாம் சுற்று ஆட்டத்தில் 1-1 என்றிருந்து, பெனால்டி உதைகளில் மூவர் தவறவிட்டு 1-3 எனத் தோற்று வெளியேறினார்கள். யார் அடிப்பது என்பதை வீரர்களின் விருப்பத்துக்கே விட்டது சரியா என்று அன்று ஜப்பானில் எழுந்த கேள்வி நியாயமானதுதான். கட்டாரில் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 1993 தன் நினைவுக்கு வந்ததாகவும், ஆனால் தன் வீரர்கள் பின்வாங்காமல் முன்னே போய்ப் பந்தைப் பறிப்பதைக் கண்டு காலம் மாறிவிட்டதை உணர்ந்ததாகவும் அவர் பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார்.

உலகக் கிண்ணம் முடிந்தபின்னும் அதே பயிற்றுவிப்பாளரைத் தொடரவைப்பது ஜப்பானுக்கு அதுவே முதன்முறை. பலனும் ஒரே சீராக வரவில்லை. 2023 செப்டம்பரில் வூல்ஃப்ஸ்பேர்க்கில் ஜேர்மனியை 4-1 என வென்றபோது, மறுநாளே ஜேர்மனியப் பயிற்றுவிப்பாளர் ஹான்சி ஃபிளிக் பதவி நீக்கப்பட்டார். நான்கே மாதங்களில், மறுபடியும் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில், அதே ஈராக்கிடம் 1-2 எனவும், காலிறுதியில் உபாதையீடு நேரத் தண்ட உதையால் ஈரானிடம் 1-2 எனவும் தோற்றது ஜப்பான். உயரப் பந்துகளுக்கு அந்தப் பின்களம் திணறியது எல்லோருக்கும் தெரிந்தது. ஈரானுடனான இரண்டாம் பாதியில் மொரியாசு வீரர்களை மாற்றத் தாமதித்தார் என்பதே என் கணிப்பு. அப்போதும் அவர் நீக்கப்படவில்லை. 2025 மார்ச் 20ஆம் திகதி பஹ்ரைனை 2-0 என வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளையும் தவிர்த்தால், 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்ற முதல் அணியானது ஜப்பான்.

ஐரோப்பாவில் ஆடும் வீரர்கள் இருந்தால் யார் பயிற்றுவிப்பாளரானாலும் வெல்லலாமே என்று கேட்போர் உண்டு. 2022 குழாத்தின் 26 பேரில் 19 பேர் ஐரோப்பியக் கழகங்களில் ஆடியவர்கள் என்பது உண்மைதான். அப்படிப்பட்ட வீரர்களை இடைவேளைக்குப் பின்வரை இருக்கையில் அமர்த்தி வைத்து, அவர்கள் முகம் சுளிக்காமல் வந்து ஆடும்படி செய்வதற்கு அவர்களின் மதிப்பைப் பெற்ற ஒருவர் வேண்டும். அந்த மதிப்பு 35 சர்வதேச ஆட்டங்களால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இப்போது நமது நாட்டுக்கு வருகிறேன். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தென்னாசியத் தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றிய நாடு இலங்கை. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நிர்வாகச் சீர்கேட்டால் ஃபிஃபாவின் தடைக்குள்ளாகி எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் ஆட முடியாமல் கிடந்த நாடும் இதுவே. 2020க்குப் பின் மட்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து அமீர் அலகிச், ஸ்கொட்லாந்திலிருந்து அண்டி மொரிசன், குவைத்திலிருந்து அப்துல்லா அல் முதைரி என்று பயிற்றுவிப்பாளர்கள் வந்திருக்கிறார்கள். வெளிநாட்டவரை அழைப்பதை நான் எதிர்க்கவில்லை. அல் முதைரியின் காலத்தில் 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்ததை நாம் மகிழ்ச்சியோடு பார்த்தோம். ஜப்பானும் ஊஃப்ட்டிடமும் பெட்ரோவிச்சிடமும் கற்றுத்தான் வளர்ந்தது. அந்த வெளிநாட்டவர் போகும்போது அவர் கொண்டுவந்த அறிவு யாரிடம் தங்கியது என்பதே நான் கேட்க விரும்புவது. ஹிரோஷிமாவில் அது மொரியாசுவிடம் தங்கியது. கொழும்பில் யாரிடம் தங்குகிறது? தலைமைப் பயிற்றுவிப்பாளர் மாறும்போதெல்லாம் உதவியாளர்களும் மாறுகிறார்கள். புதியவர் வரும்போது பூச்சியத்திலிருந்து தொடங்குகிறோம்.

பாடசாலை மட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். பருவகாலத்துக்கு மட்டும் ஒருவரைக் கூட்டிவந்து, பருவம் முடிந்ததும் கொடுப்பனவை நிறுத்திவிடும் பாடசாலைகளை நான் அறிவேன். நன்றாக ஆடிய மாணவன் ஒருவன், இருபத்தேழு வயதில் முழங்கால் உபாதையோடு கழகத்தைவிட்டு வந்து, சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கலாமா என்று என்னிடம் கேட்டான். அவனுக்குப் பந்தையும் சிறுவர்களையும் ஒருங்கே கையாளத் தெரியும். ஆரம்பநிலை அனுமதிப்பத்திரப் பயிற்சிக்கு விண்ணப்பித்தும் இருந்தான். அவனுக்கு ஒரு கழகத்தில் உதவியாளராக மாதச் சம்பளத்தோடு ஓரிடம் கிடைத்திருந்தால் இன்று எங்கே இருந்திருப்பானோ தெரியாது. இப்போது அவன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். வடக்கில், மன்னாரிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. அங்கிருந்து தேசிய அணிவரை வந்தவர்களும் உண்டு. ஓய்வுபெற்றபின் அவர்களுள் எத்தனை பேர் பயிற்றுவிப்பாளர்களாக வளர்க்கப்பட்டார்கள்?

ஜப்பான் இதைத் திட்டமிட்டுச் செய்கிறது. மூன்று உலகக் கிண்ணங்களில் அணித் தலைவராக இருந்த மகொத்தோ ஹசெபே 2024இல் ஓய்வுபெற்ற சில மாதங்களிலேயே மொரியாசுவுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். முன்னாள் மத்தியகள நட்சத்திரம் ஹிரோஷி நனாமி 2023இலேயே அதே பணியில் சேர்ந்திருந்தார். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பயிற்சியளித்த கோஜி கியோதோகு முதல், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் நம்மோடு ஒரே குழுவில் இருந்த தாய்லாந்தின் பயிற்றுவிப்பாளராக 2025 ஒக்டோபர்வரை இருந்த மசததா இஷி வரை, ஆசியா முழுவதற்கும் அந்நாடு பயிற்றுவிப்பாளர்களை அனுப்புவது இதனால்தான் சாத்தியமாகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். தேசிய அணியின் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளரோடும் குறைந்தது இரண்டு உள்ளூர் உதவியாளர்களை, தலைமை மாறினாலும் மாறாத ஒப்பந்தத்தில், சம்மேளனம் நியமிக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் தமிழும் சிங்களமும் பேசக்கூடியவராக இருப்பின் வடக்கு, கிழக்கு, மலையக வீரர்களுக்கு நன்மையாக இருக்கும். தங்கள் பத்திரிகை அடுத்த முறை தேசிய அணிக் குழாத்தை வெளியிடும்போது, 23 வீரர்களின் பெயர்களுக்குக் கீழே உதவிப் பயிற்றுவிப்பாளர்களின் பெயர்களையும், அவர்கள் முன்னர் எங்கே பணியாற்றினார்கள், என்ன தரத்து அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது ஆகிய விபரங்களையும் கேட்டு அச்சிட வேண்டும். சம்மேளனம் பதில் தராவிடில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வெளியிடலாம்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற பாடசாலை உதைபந்தாட்டப் பொறுப்பாசிரியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு – 13.